ஐயாயிரத்தில் ஒன்று

ஆடி முதல் வாரத்தில் நானும் தம்பியும் ஓர் இணைய விளையாட்டில் ஓர் அரிய பொருளுக்கான வேட்டையை ஒரே நாளில் தொடங்கினோம். அவன் கோயம்புத்தூரில், நான் திருச்சியில். மூன்றாம் நாள் இரவு பத்தரை மணிக்கு அவனிடமிருந்து அழைப்பு வந்தது. “அண்ணா, விழுந்துவிட்டது!” அவன் குரலில் இருந்த மகிழ்ச்சி இப்போதும் என் காதில் இருக்கிறது. அவனுக்கு விழுந்தது 212-ஆவது ஷாமனில். அப்போது என் எண்ணிக்கை 260. என் கையில் ஒன்றுமில்லை.

ஓல்டு ஸ்கூல் ரூன்ஸ்கேப் விளையாடாதவர்களுக்காக இரண்டு வரி. 2013 முதல் இயங்கும் இந்த இணைய விளையாட்டில் லிசர்ட்மேன் ஷாமன் என்றொரு பல்லி மனிதன் உண்டு. அவனை வீழ்த்தினால் மிக அரிதாக டிராகன் வார்ஹாமர் என்ற சுத்தியல் கிடைக்கும். அதன் சிறப்புத் தாக்குதல் பட்டால் எதிரியின் தற்காப்பு 30 விழுக்காடு குறையும். பெரிய எதிரிகளை வீழ்த்துவதற்கு அது பேருதவி. நாங்கள் வேட்டையாடிய காலத்தில் அதன் ட்ராப் விகிதம், அதாவது ஒரு முறை வீழ்த்தினால் அது விழும் வாய்ப்பு, 1/5000. மற்ற ஆட்டக்காரர்கள் சந்தையில் காசு கொடுத்து வாங்கிவிடுவார்கள். நாங்கள் இருவரும் ஆடியது அயர்ன்மேன் முறை. அதில் யாரிடமும் வாங்க முடியாது, யாரும் கொடுக்கவும் முடியாது. வேண்டியதை நாமே வேட்டையாடித்தான் எடுக்க வேண்டும். எனக்கு இந்த முறை பிடித்ததே அதற்காகத்தான்: என் பெட்டியில் இருக்கும் ஒவ்வொரு பொருளும் எந்த இரவில் வந்தது என்று எனக்குத் தெரியும்.

தொடங்குவதற்கு முன் கணக்குப் போட்டுத்தான் தொடங்கினேன். எனக்கு மணிக்கு 50 ஷாமன்கள் முடியும். வேலை முடிந்து வந்து, இரவு ஒன்பதிலிருந்து பதினொன்று வரை, வாரத்தில் ஐந்து நாள். அப்படியானால் வாரத்துக்கு 500. ஐயாயிரத்தில் ஒன்று என்பதால் பத்து வாரம். “கொலு வைப்பதற்குள் முடிந்துவிடும், அதன் பிறகு இரவு நேரம் உனக்குத்தான்” என்று மனைவியிடம் சொன்னேன். பொய் சொல்லவில்லை. உண்மையாகவே நம்பினேன்.

கொலு வைத்த அன்று என் எண்ணிக்கை 5,000-ஐத் தாண்டியிருந்தது. சுத்தியல் வரவில்லை.

படிகளுக்குத் துணி விரித்துக்கொண்டே அவள் கேட்டாள்: “முடிந்ததா?” இல்லை என்றேன். “இன்னும் எவ்வளவு?” என்றாள். அந்தக் கேள்விக்கான சரியான விடை அப்போது எனக்குத் தெரிந்திருந்தும் வாய்விட்டுச் சொல்ல மனம் வரவில்லை. விடை: இன்னும் நூறு மணி நேரம். தொடங்கிய நாளில் எவ்வளவு பாக்கி இருந்ததோ, அவ்வளவேதான் பாக்கி.

இந்த இடத்தில்தான் பெரும்பாலானோர் கணக்கை நம்ப மறுக்கிறார்கள். நானும் அன்றிரவு மறுத்தேன். ஐந்தாயிரம் ஷாமன்களை வீழ்த்திய ஒருவனும் நேற்று தொடங்கிய ஒருவனும் அடுத்த ஷாமனின் முன் நிற்கும்போது இருவருக்கும் ஒரே வாய்ப்புதான். விளையாட்டின் சர்வரில் என் பெயருக்கு நேராக எந்தக் கடன் பாக்கியும் எழுதப்பட்டிருக்கவில்லை. ஒவ்வொரு முறையும் அது ஒன்றிலிருந்து ஐயாயிரம் வரை புதிதாக ஓர் எண்ணை எடுக்கிறது. முன்பு எடுத்த எண்கள் அதற்கு நினைவில் இல்லை.

எங்கள் பாட்டி தாயம் ஆடும்போது இதை நான் பார்த்திருக்கிறேன். இரண்டு பித்தளைக் கட்டைகள், ஒவ்வொன்றிலும் நான்கு முகம்: ஒன்று, இரண்டு, மூன்று, வெறுமை. ஒரு கட்டையில் ஒன்றும் மற்றதில் வெறுமையும் விழுந்தால் தாயம். அது விழுந்தால்தான் காயை இறக்கலாம். பதினாறு சேர்க்கைகளில் இரண்டு, அதாவது எட்டில் ஒன்று. எட்டு முறை உருட்டினால் விழுந்துவிடும் என்றுதான் சிறுவர்களாகிய நாங்கள் எதிர்பார்ப்போம். கணக்குப்படி எட்டு உருட்டலுக்குள் தாயம் விழ 66 விழுக்காடு வாய்ப்பு. மூன்றில் ஒருவர் அப்போதும் வெறும் கையோடுதான் உட்கார்ந்திருப்பார். 24 முறை உருட்டியும் விழாமல் போவதற்குக்கூட 4 விழுக்காடு உண்டு. ஒரு கோடை விடுமுறை முழுக்க ஆடினால் அதுவும் யாருக்காவது நடந்தே தீரும். “இன்றைக்கு எனக்குக் கட்டை பேசவில்லை” என்று பாட்டி சொல்லிவிட்டு மீண்டும் உருட்டுவார். அடுத்த உருட்டல் தனக்குக் கடன்பட்டிருக்கிறது என்று ஒருநாளும் சொன்னதில்லை.

எட்டில் ஒன்றுக்கும் ஐயாயிரத்தில் ஒன்றுக்கும் வடிவம் ஒன்றே. வாய்ப்பு சிறிதாகும்போது எண்கள் ஓர் ஒழுங்குக்குள் வந்துவிடுகின்றன. அந்த ஒழுங்கைத்தான் எல்லோரும் மனப்பாடம் செய்துகொள்ள வேண்டும் என்று விரும்புகிறேன். ட்ராப் விகிதத்தின் கீழ் இருக்கும் எண்ணை 0.7 ஆல் பெருக்குங்கள்: அத்தனை முறைக்குள் பாதிப் பேருக்குக் கிடைத்துவிடும். அதே எண்ணளவுக்கு முயன்றால் 63 விழுக்காடு. இரண்டு மடங்குக்கு 86. மூன்று மடங்குக்கு 95. 99 விழுக்காடு உறுதி வேண்டுமானால் 4.6 மடங்கு. எவ்வளவு அரிதான பொருளானாலும் இந்த மடங்குகள் ஏறத்தாழ மாறுவதில்லை.

0.7 என்ற அந்தப் பெருக்கல் முந்நூறு ஆண்டு பழையது. பிரான்சிலிருந்து மத ஒடுக்குமுறைக்குத் தப்பி லண்டனில் குடியேறிய ஆப்ரகாம் டி மோய்வர், பாடம் சொல்லிக்கொடுத்தும் காப்பிக் கடையில் உட்கார்ந்து சூதாடிகளின் கேள்விகளுக்குக் கணக்குப் போட்டுக்கொடுத்தும் பிழைத்தவர். 1718-இல் வெளியிட்ட நூலில், அரிதான ஒன்று நடக்கப் பாதி வாய்ப்பு வேண்டுமானால் எத்தனை முறை முயல வேண்டும் என்ற கேள்வியை எடுத்துக்கொண்டு இந்த விதியைத் தந்தார். எங்கள் தலைமுறை இணைய விளையாட்டு மன்றங்களில் இரவெல்லாம் வாதாடிக்கொண்டிருந்த கேள்வி அதுதான் என்று தெரிந்தபோது அந்த மனிதர் மீது எனக்குப் பெரிய அன்பு வந்தது.

இப்போது என் சுத்தியலுக்கு இதைப் பொருத்திப் பாருங்கள். பாதி வாய்ப்பு 3,466 ஷாமன்கள், 69 மணி நேரம். சராசரி 5,000, நூறு மணி நேரம். 95 விழுக்காட்டுக்கு 14,978 ஷாமன்கள், 300 மணி நேரம். என் வாழ்க்கையில் 300 மணி நேரம் என்றால் முப்பது வாரம். நவராத்திரி அல்ல, மாசி. மனைவியிடம் நான் சொல்லியிருக்க வேண்டியது, “கொலுவுக்குள் முடிய மூன்றில் இரண்டு பங்கு வாய்ப்பு, மாசிக்குள் முடிய இருபதில் பத்தொன்பது” என்று. அப்படிச் சொல்லியிருந்தால் அவள் அன்றே, “அப்படியானால் இது வேண்டுமா?” என்று கேட்டிருப்பாள். கேட்க வேண்டிய கேள்வியும் அதுதான். சராசரியை ஒரு தேதியைப் போலச் சொன்னதால் அந்தக் கேள்விக்கே இடமில்லாமல் போயிற்று.

212-இல் பெற்ற தம்பியின் அதிர்ஷ்டம் இருபத்து நான்கு பேரில் ஒருவருக்கு வாய்ப்பது. நான் 5,000-இல் வெறும் கையோடு நின்றது மூன்று பேரில் ஒருவருக்கு மேல் நடப்பது. அவனுடையது அரிது, என்னுடையது மிகச் சாதாரணம். ஆனால் எங்கள் வீட்டில் அவனை யாரும் வியக்கவில்லை; என்னைத்தான் எல்லோரும் பாவமாகப் பார்த்தார்கள். விளையாட்டு மன்றங்களில் ஐந்து மடங்கு தாண்டியும் கிடைக்கவில்லை என்று படம் எடுத்துப் போடுபவர்களைப் பார்த்து விகிதமே பொய் என்று பலர் சொல்கிறார்கள். ஐந்து மடங்கு வறட்சி ஆயிரத்தில் ஏழு பேருக்கு வரும். ஒரு லட்சம் பேர் ஒரு பொருளை வேட்டையாடினால் அவர்களில் ஏறத்தாழ 670 பேர் அந்தப் படத்தைப் போடும் தகுதியோடு இருப்பார்கள். அவர்களுடைய வேதனை உண்மை. விகிதமும் உண்மை.

அன்றிரவு கொலுவின் முன் உட்கார்ந்து புதிதாகக் கணக்கெழுதினேன். பழைய நூறு மணி நேரத்தைத் தாளில் எழுதவே இல்லை. அதை எழுதினால் மனம் அதன் பக்கம் சாய்ந்துவிடும். தொடர்ந்தாலும் விட்டாலும் அது திரும்பி வராது. இன்று தொடங்குபவனாக என்னை வைத்து, இன்றைய நூறு மணி நேரத்தை எங்கே போட்டால் நல்லது என்று மட்டும் கேட்டேன்.

வார்ஹாமர் செய்யும் வேலையைச் செய்ய இன்னொரு கருவி இருந்தது: பாண்டோஸ் காட்ஸ்வோர்டு. எதிரிக்கு எவ்வளவு சேதம் விளைகிறதோ அவ்வளவுக்கு அவன் தற்காப்பைக் குறைக்கும் வாள். அதன் கைப்பிடி ஜெனரல் கிரார்டோர் என்ற படைத்தலைவனிடம் 1/508 விகிதத்தில் விழும். அவனைத் தனியாக வீழ்த்துவது கடினம். எனக்கு மணிக்கு எட்டு முறைதான் முடியும். 508-ஐ எட்டால் வகுத்தால் சராசரியாக 64 மணி நேரம். நூறை விடக் குறைவு. ஆனால் என்னை அந்தப் பக்கம் திருப்பியது அந்த 64 அல்ல. அதே படைத்தலைவனிடம் மார்புக் கவசம், காற்கவசம், காலணி ஆகிய மூன்றும் தலா 1/381-இல் விழுகின்றன, எனக்கு மூன்றுமே தேவை. நான்கையும் கூட்டினால், வேண்டிய ஏதோ ஒன்று விழும் வாய்ப்பு 1/102. பதின்மூன்று மணி நேரத்துக்கு ஒன்று என்ற கணக்கு. 60 மணி நேரம், அதாவது 480 முறை வீழ்த்தியும் நான்கில் ஒன்றுகூட விழாமல் போகும் வாய்ப்பு நூறில் ஒன்றுக்கும் குறைவு.

ஷாமனிடம் எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. அது வராத இரவு வெறும் இரவு. படைத்தலைவனிடம் நான்கு கதவுகள். வேட்டைக்குத் திட்டமிடும் எவருக்கும் நான் முதலில் சொல்வது இதைத்தான்: சராசரி நேரம் சற்றுக் கூடுதலாக இருந்தாலும், வேண்டியவை பல ஒரே இடத்தில் விழும் வேட்டையைத் தேர்ந்தெடுங்கள். நீண்ட வறட்சியால் மனம் உடைவது அங்கே மிகக் குறைவு.

போனேன். 97-ஆவதில் மார்புக் கவசம். 160-இல் காலணி. 233-இல் மீண்டும் காலணி. 402-இல் கைப்பிடி. கைப்பிடியோடு சேர்க்க வேண்டிய வாள் அலகின் மூன்று துண்டுகளில் இரண்டு வழியிலேயே சேர்ந்தன. மூன்றாவதற்கு வேறோர் அறையில் சில இரவுகள் ஆயின. காற்கவசம் வரவில்லை. அந்த ஒன்றுக்காக அங்கேயே தங்கவும் இல்லை. கதவுகள் மூடிய பிறகு மிஞ்சும் ஒன்றைத் தேடுவது முற்றிலும் வேறு வேட்டை என்பதை அதற்கு முன்பே அதே விளையாட்டின் பாரோஸ் கல்லறைகளில் கற்றிருந்தேன்.

பாரோஸில் ஆறு சகோதரர்கள், ஒவ்வொருவருக்கும் நான்கு பொருள்கள், மொத்தம் 24. ஆறு பேரையும் வீழ்த்திவிட்டுப் பெட்டியைத் திறந்தால் எந்தப் பொருளும் சம வாய்ப்பில் வரலாம். 24-ஐயும் முழுதாகச் சேர்க்க எத்தனை பொருள்கள் விழ வேண்டும்? ஐம்பது இருக்கலாம் என்று நினைத்திருந்தேன். சராசரியாக 91. முதல் பொருள் எதுவானாலும் புதிது. இரண்டாவது ஏறத்தாழ எப்போதும் புதிது. போகப்போக விழுபவை எல்லாம் ஏற்கெனவே இருப்பவையாகிவிடும். கடைசி ஒன்றுக்கு மட்டும் சராசரியாக 24 பொருள்கள் விழ வேண்டும். கடைசி ஐந்துக்குச் சேர்த்து 55. அதாவது 19 பொருள்களைச் சேர்த்து முடித்து, கிட்டத்தட்ட வந்துவிட்டோம் என்று மகிழும் நேரத்தில் பாதி வழிகூடத் தாண்டியிருக்க மாட்டோம். தொகுப்பை நிறைவு செய்ய விரும்புபவர்கள் இந்த 55-ஐத் தொடங்கும் முன்பே தாளில் எழுதிவிடுவது நல்லது.

நேரத்தைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். இதை எனக்குக் கற்றுத்தந்தது வேறு விளையாட்டு. வேர்ல்டு ஆஃப் வார்கிராஃப்டில் லிச் கிங் என்ற அரசனிடம் இன்வின்சிபிள் என்ற பறக்கும் குதிரை ஏறத்தாழ நூறில் ஒன்றாக விழும். ஆனால் ஒரு பாத்திரத்தை வைத்து வாரத்துக்கு ஒரு முறைதான் முயல முடியும். 95 விழுக்காட்டுக்கு 299 முயற்சிகள்: 299 வாரம், ஐந்தே முக்கால் ஆண்டு. என் அலுவலக நண்பர் ஒருவர் ஐந்து பாத்திரங்களை வளர்த்து வாரத்துக்கு ஐந்து முறை முயன்றார். ஓர் ஆண்டில் கிடைக்கும் வாய்ப்பு 41-லிருந்து 93 விழுக்காடாக உயர்ந்தது. “அப்படியானால் வேலை ஐந்தில் ஒன்றாகிவிட்டதா?” என்று கேட்டேன். இல்லை என்றார். முயற்சிகளின் எண்ணிக்கை அதேதான், ஒவ்வொன்றுக்கும் ஆகும் அரை மணி நேரமும் அதேதான். அவர் சுருக்கியது நாள்காட்டியை, உழைப்பை அல்ல. திட்டமிடுபவர் இவ்விரண்டையும் தனித்தனியே எழுத வேண்டும். ஒன்று மட்டுமே கையில் இருப்பவர் மற்றதை வைத்து முடிவெடுத்தால் ஏமாந்துபோவார்.

உழைப்பைக் குறைக்க ஒரே வழிதான் உண்டு. விகிதம் நம் கையில் இல்லை. மணிக்கு எத்தனை என்பது நம் கையில் இருக்கிறது. 50 ஷாமன்களை 60 ஆக்கினால் சராசரியில் 17 மணி நேரமும், 95 விழுக்காட்டுக் கணக்கில் 50 மணி நேரமும் மிச்சம். அதற்காகப் பத்து மணி நேரம் முன்னதாகச் செலவிட்டு நல்ல ஆயுதம் தேடுவது தாமதமல்ல, அதுவும் வேட்டையின் பகுதியே. இதை நான் முதல் முறை செய்யவில்லை. அவசரத்தில் கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு ஓடினேன்.

விகிதம் வெளியிடப்படாத பொருள்களுக்கும் ஒரு சிறு கணக்கு உதவும். 600 முறை முயன்றும் ஒன்றும் விழவில்லையென்றால், மூன்றை 600-ஆல் வகுங்கள். விகிதம் 1/200-ஐ விட அரிதாக இருக்க வேண்டும் என்று 95 விழுக்காடு நம்பிக்கையோடு சொல்லலாம். யாரோ சொன்ன “நூற்றில் ஒன்று கண்டிப்பாக விழும்” என்ற பேச்சை அப்போது கைவிட்டுவிடலாம்.

சில விளையாட்டுகள் இந்த வறட்சிக்கே ஓர் எல்லை கட்டியிருக்கின்றன. கென்ஷின் இம்பாக்டில் குலுக்கல் சீட்டை இழுப்பதுபோல ஒரு முறை இழுத்தால் ஐந்து நட்சத்திரப் பாத்திரம் கிடைக்க அடிப்படை வாய்ப்பு 0.6 விழுக்காடு, ஆனால் 89 முறை கிடைக்கவில்லையென்றால் 90-ஆவது முறை உறுதி. அந்த எல்லை இல்லாமல் 0.6 மட்டும் இருந்திருந்தால் 90 முறை இழுத்தவர்களில் 58 விழுக்காட்டினர் வெறும் கையோடு இருப்பார்கள். அங்கே முன்பு இழுத்தவை நினைவில் இருக்கின்றன. எனவே பாட்டியின் தாயக் கணக்கு அங்கே செல்லாது, எத்தனை இழுத்தோம் என்று எண்ணி வைப்பதற்குப் பொருள் உண்டு. ஆனால் அங்கே செலவாவது பெரும்பாலும் பணம். பணம் போகும் விளையாட்டுக்கு நான் திட்டம் சொல்வதில்லை. என் தம்பி பிள்ளை கேட்டபோதும் சொல்லவில்லை. 90-ஐயும் ஒரு முறை இழுக்க ஆகும் விலையையும் பெருக்கி அவன் கையில் கொடுத்தேன். அவன் அதை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.

பிறகு ஒரு நாள் வார்ஹாமரின் விகிதத்தை 1/3000 ஆகத் தளர்த்தினார்கள். தம்பிதான் முதலில் சொன்னான். “அண்ணா, இப்போது போங்கள். இம்முறை கிடைத்துவிடும்.” கிடைத்துவிடும் என்ற சொல்லை வைத்துக்கொண்டு நான் இனி எங்கும் போவதாக இல்லை. ஆனால் அந்தச் சுத்தியல் எனக்கு இன்னும் வேண்டியிருந்தது. வாள் இருந்தாலும் வேண்டும். அதற்குக் காரணம் கணக்கில் இல்லை. என் பெட்டியில் அதற்கான இடம் காலியாக இருப்பது எனக்குப் பொறுக்கவில்லை, அவ்வளவுதான். ஆசைக்கு நியாயம் தேட வேண்டியதில்லை, அளவு மட்டும் போதும் என்று நினைக்கிறேன்.

இம்முறை தொடங்கும் முன் மனைவியோடு உட்கார்ந்து பேசினேன். 60 மணி நேரம். வாரத்துக்கு மூன்று இரவு, இரண்டிரண்டு மணி நேரம், பத்து வாரம். மொத்தம் 3,000 ஷாமன்கள். கிடைக்க 63 விழுக்காடு, கிடைக்காமல் போக 37. “கிடைக்காவிட்டால்?” என்று கேட்டாள். “3,000-இல் நிறுத்திவிடுவேன்” என்றேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள். “வருத்தப்படுவீர்களே.” “படுவேன். ஆனால் நிறுத்துவேன்.” ஒரு தாளில் 3,000 என்று எழுதி, கீழே தேதியிட்டு, கணினித் திரையின் ஓரத்தில் அவளே ஒட்டினாள்.

நேற்றிரவு பதினொரு மணிக்கு நிறுத்தும்போது எண்ணிக்கை 1,870. மீதம் 1,130. அவற்றுக்குள் கிடைக்கும் வாய்ப்பு 31 விழுக்காடு. தாளில் பழைய 63-ஐ அடித்துவிட்டு 31 என்று எழுதினேன். தம்பி எப்போதும் போல, “என்ன ஆயிற்று, அண்ணா?” என்று செய்தி அனுப்பியிருந்தான். “இன்னும் இல்லை. நாளை விடுமுறை இரவு. அடுத்தது செவ்வாய்க்கிழமை” என்று பதில் போட்டுவிட்டு விளக்கை அணைத்தேன்.